விசிறி முன்னால் திரும்பினால் போதுமா? குடும்பப் படகும் வேக்சேர்ஃபிங்கும்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி இரண்டு கேள்விகளை எழுதியிருக்கிறார். அவருடைய பெரியப்பாவின் மகன் ஒன்ராறியோவில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு வசிக்கிறார். அங்கே 22 அடி நீளமான, ஏழெட்டு வருடம் ஓடிய குடும்ப உல்லாசப் படகு ஒன்று அவருக்கு விலைக்கு வந்திருக்கிறது. அதில் பூட்டியிருப்பது, படகைச் செலுத்தும் விசிறி முன்பக்கம் பார்த்திருக்கும் ஸ்டெர்ன்டிரைவ், அதாவது உள்ளே இருக்கும் இயந்திரம் வெளியே தொங்கும் கால் ஒன்றிலுள்ள விசிறியைச் சுழற்றும் அமைப்பு. "இது முன்நோக்கிய டிரைவ், ஆகவே பிள்ளைகள் இதன் பின்னால் தாராளமாக வேக்சேர்ஃபிங் செய்யலாம்" என்று விற்பவர் சொல்கிறாராம். வேக்சேர்ஃபிங் என்பது படகு எழுப்பும் அலையின் மேல் பலகையில் நின்று சறுக்கும் விளையாட்டு. அவர் சொல்வது உண்மைதானா என்பது முதலாவது கேள்வி. அப்படியான படகு ஒன்றை இங்கே இரணைமடுக் குளத்திலோ கொக்கிளாய்க் களப்பிலோ இறக்கி, விடுமுறைக்கு ஊருக்கு வரும் உறவுகளை வைத்துத் தொழிலாக நடத்தலாமா என்பது இரண்டாவது.

நான் இப்போது முல்லைத்தீவுக் கரையில், படகின் பின்சுவரில் வெளியே மாட்டும் வெளியிணைப்பு இயந்திரங்கள் திருத்துகிறேன். அதற்கு முன் ஒன்பது வருடங்கள் வளைகுடா நாடொன்றின் படகுத்துறையில் ஸ்டெர்ன்டிரைவ்களைக் கழற்றிப் பூட்டுவதே என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தை வைத்து முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசிறியை முன்னால் திருப்பியது மிகப் பெரிய ஓர் ஆபத்தைக் குறைத்திருக்கிறது. அதனால் முன்பு அறவே செய்யக்கூடாததாக இருந்த ஒன்று செய்யக்கூடியதாகியிருக்கிறது. ஆனால் அலையை உண்டாக்குவது டிரைவ் அல்ல, படகின் எடையும் அடிப்பாகத்தின் வடிவமும்தான். விற்பவர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்கிறார்.

வேக்சேர்ஃபிங் என்றால் என்ன என்பதை இங்கே பலர் பார்த்திருக்க மாட்டார்கள். நீர்ச்சறுக்கில் ஆள் நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகுக்கு வெகு தூரம் பின்னால், மணிக்கு 40, 50 கிலோமீற்றர் வேகத்தில் இழுபட்டுப் போவார். வேக்சேர்ஃபிங் அப்படியல்ல. படகு மணிக்கு 16 முதல் 19 கிலோமீற்றர் வரையான வேகத்தில்தான் ஓடும். பலகையில் நிற்பவர் எழும்புவதற்கு மட்டும் குட்டையான கயிற்றைப் பிடிப்பார். எழும்பியதும் அதைக் கைவிட்டுவிட்டு, படகு உண்டாக்கும் அலையின் சரிவிலேயே கடற்கரையில் அலைச்சறுக்குச் செய்பவரைப் போல வழுக்கிக்கொண்டு வருவார். அந்த அலை படகோடு சேர்ந்து அதே வேகத்தில் நகர்வதால் அவர் பின்தங்குவதில்லை. படகின் பின்விளிம்புக்கும் அவருக்கும் இடையில் ஐந்து முதல் பதினைந்து அடி வரைதான் இடைவெளி இருக்கும்.

அந்த இடைவெளி எவ்வளவு விரைவில் இல்லாமற்போகும் என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும் காலமொன்றில், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்த ஒரு காலைப் பொழுதில், எங்கள் கரையைச் சேர்ந்த இளைஞர்கள் மூவர் அறுகம்குடாவிலிருந்து கொண்டுவந்த அலைச்சறுக்குப் பலகை ஒன்றை 40 குதிரைவலு இயந்திரம் பூட்டிய பைபர் படகின் பின்னால் கட்டி ஓடிப் பார்த்தார்கள். இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்காக நானும் படகில் இருந்தேன். பலகையில் இருந்தவன் எழும்பி நின்றதும் சந்தோஷத்தில் ஓட்டியவன் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் வேகத்தைச் சட்டென்று குறைத்து, கியரையும் எடுத்துவிட்டான். வெறும் பைபர் படகு பாரமில்லாதது, ஆகவே விசையை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பின்னால் வந்த அலை நிற்கவில்லை. அது அவனைத் தூக்கிக்கொண்டு வந்து இயந்திரத்தின் மேலேயே போட்டது. முழங்கால் இயந்திர மூடியில் இடித்தது, பாதம் விசிறியின் மேல் தட்டில் பட்டது. கியர் எடுபட்டிருந்ததால் தோல் உரிந்ததோடு முடிந்தது. வேகத்தைக் குறைத்தபோது கியரை எடுக்காமல் விட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியதை எழுத எனக்கு விருப்பமில்லை.

வெளியிணைப்பு இயந்திரமோ சாதாரண ஸ்டெர்ன்டிரைவோ பூட்டிய படகின் பின்னால் இந்த விளையாட்டு கூடவே கூடாது என்று படகுத் தொழில்துறையினரே எச்சரித்து வருவதன் காரணம் இதுதான். இந்த விளையாட்டில் ஆளைப் படகை நோக்கித் தள்ளுவது அலையேதான். விழுபவர் பெரும்பாலும் பின்னால் போய் விழுவார் என்பது உண்மை. ஆனால் முன்னால் வரும் ஒரு தடவையே போதும்.

ஸ்டெர்ன்டிரைவ் என்பதை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம் தேவை. கார் இயந்திரம் போன்ற ஒன்று படகின் உள்ளே, பின்சுவரை ஒட்டி இருக்கும். அதன் விசை சுவரைத் துளைத்து வெளியே வந்து, வெளியிணைப்பு இயந்திரத்தின் கீழ்ப்பாதியைப் போன்ற ஒரு கால் வழியாக விசிறிக்குப் போகும். அந்தக் கால் முழுவதும் இடம் வலமாகத் திரும்புவதால் சுக்கான் தனியாகத் தேவையில்லை. மேலும் கீழுமாகச் சாய்க்கவும் முடியும். வொல்வோ பென்டா நிறுவனம் 1959இல் இதை வணிக ரீதியாகக் கொண்டுவந்தது. 1982இல் அதே நிறுவனம் ஒரே அச்சில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரட்டை விசிறியை அறிமுகம் செய்தது. எல்லாவற்றிலும் விசிறி காலுக்குப் பின்னால், அதாவது படகின் பின்சுவரிலிருந்து வெகுவாக வெளியே தள்ளி, ஆட்கள் ஏறி இறங்கும் மேடையின் அடியிலோ அதன் விளிம்பை ஒட்டியோ சுழன்றது.

2015இல் வொல்வோ பென்டா அந்த இரட்டை விசிறியைக் காலின் முன்பக்கத்துக்கு மாற்றியது. விசிறி நீரைத் தள்ளிப் படகை முன்னேற்றுவதற்குப் பதிலாக, முன்னாலிருந்து நீரை இழுத்துக்கொண்டு படகைக் கூட்டிப் போகிறது. ஆகாய விமானத்தின் மூக்கிலிருக்கும் விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் பெரிய படகுகளுக்காக அதற்குப் பத்து வருடங்கள் முன்பே செய்திருந்த வேறொரு வகையில் முன்நோக்கிய விசிறிகள் இருந்தன. ஆகவே எண்ணம் முற்றிலும் புதியதல்ல, சிறிய படகுக்கு வந்ததுதான் புதிது. சில வருடங்களின் பின் மேர்க்குரி நிறுவனமும் பிராவோ ஃபோர் எஸ் என்ற பெயரில் தன்னுடையதைக் கொண்டுவந்தது. இரண்டிலும் விளைவு ஒன்றுதான்: விசிறி ஏறத்தாழ இரண்டடி முன்னால் போய், படகின் அடிப்பாகத்துக்குக் கீழே ஒதுங்கிவிடுகிறது. பின்னாலிருந்து வழுக்கி வரும் ஒருவர் முதலில் மேடையின் விளிம்பில் மோதுவார், அதன் பின் டிரைவின் காலில் மோதுவார். அதையும் தாண்டித்தான் விசிறி இருக்கிறது.

இந்த விளையாட்டுக்கென்றே கட்டப்படும் படகுகளில் இயந்திரம் உள்ளே இருக்கும், விசிறி அடிப்பாகத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால், சுக்கானுக்கு முன்னால் இருக்கும். விசிறியைப் பொறுத்தவரை முன்நோக்கிய டிரைவ் ஒரு குடும்பப் படகை அந்த வரிசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. சில விடயங்களில் அதைவிட ஒரு படி மேல் என்றும் சொல்வேன். உள்ளியந்திரப் படகைப் பின்னோக்கி ஓட்டிக் கரை சேர்ப்பது பழகாதவருக்குப் பெரும்பாடு, ஏனென்றால் பின்னோக்கிப் போகும்போது சுக்கான் சரியாகக் கேட்பதில்லை. ஸ்டெர்ன்டிரைவில் தள்ளுவிசையே திரும்புவதால் எந்தத் திசையிலும் படகு சொன்னபடி கேட்கும். இரட்டை விசிறி எதிர்த்திசைகளில் சுழல்வதால் படகை ஒரு பக்கம் இழுக்கும் முறுக்கு இல்லை. ஒற்றை விசிறிப் படகில் இடப்பக்க அலையும் வலப்பக்க அலையும் ஒன்றுபோல் வராத குறை இதில் குறைவு. இடது கால் முன்னால் வைத்து நிற்பவரும் வலது கால் முன்னால் வைத்து நிற்பவரும் ஒரே வீட்டில் இருந்தால் அதன் அருமை தெரியும்.

இனி அலைக்கு வருவோம். விற்பவரின் பேச்சு இங்கேதான் வழுக்குகிறது.

எங்கள் கரையில் படகு ஓட்டும் எவருக்கும் இந்த அனுபவம் இருக்கும். மெதுவாகப் போகும்போது படகு நீரைக் கிழித்துக்கொண்டு போகும். விசையைக் கூட்டினால் அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் புதையும், பின்னால் பெரிய பள்ளமும் மேடுமாக நீர் எழும்பும். இன்னும் கூட்டினால் திடீரென்று அணியம் தாழ்ந்து, படகு நீரின் மேலே ஏறி வழுக்க ஆரம்பிக்கும், பின்னால் அலையும் சிறுத்துவிடும். 22 அடிப் படகுக்கு முதல் கட்டம் மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றரில் முடிகிறது. வழுக்கும் கட்டம் 25, 30க்கு மேல் ஆரம்பிக்கிறது. வேக்சேர்ஃபிங் நடப்பது இரண்டுக்கும் நடுவில், நாம் எல்லோரும் எண்ணெய் வீண் என்று அவசரமாகத் தாண்டிப் போகும் அந்த அந்தரக் கட்டத்தில். படகு தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே, அதன் மேல் ஏறவும் முடியாமல் இழுபடுவதால்தான் அலை உயர்கிறது. அப்படியானால் எடை கூடக் கூட அலையும் கூடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அதனால்தான் இந்த விளையாட்டுப் படகுகள் வயிற்றுக்குள் நீர்த்தொட்டிகளோடு பிறக்கின்றன. பம்பியைப் போட்டால் ஏரி நீரே தொட்டிகளை நிரப்பும். ஆயிரம் லீற்றர் நிரப்பினால் ஆயிரம் கிலோ. ஒரு தொன்னிலிருந்து இரண்டு தொன்னுக்கு மேல் வரை இப்படி ஏற்றும் படகுகள் உண்டு. அந்தச் சுமையைத் தாங்கத் தக்கதாக அடிப்பாகமும் பக்கச்சுவரின் உயரமும் வகுக்கப்பட்டிருக்கும்.

குடும்ப உல்லாசப் படகு வேறு நோக்கத்துக்குச் செய்யப்பட்டது. அதன் அடிப்பாகம் ஆழமான வீ வடிவம். அலையை வெட்டிக்கொண்டு, விரைவில் மேலெழுந்து, குறைந்த எண்ணெயில் ஓடவேண்டும் என்பதற்காகவே அப்படி வார்க்கப்பட்டது. அதாவது பின்னால் அலை சிறிதாக இருப்பதே அதன் நற்குணம். அந்த நற்குணம் இந்த விளையாட்டுக்குக் குறையாகிவிடுகிறது. அணியத்தில் இருக்கை வைத்த திறந்த படகு என்றால் இன்னொரு சங்கடமும் உண்டு: அலையின் நீளத்தைக் கூட்டுவதற்காக முன்பக்கத்தில் பாரம் ஏற்றினால், மெதுவாகத் திரும்பும்போது தன்னுடைய அலையே அணியத்தின் மேலால் உள்ளே விழும். படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டில் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று இருக்கும் கணக்கில் நீர்ப்பைகளும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உதாரணத்துக்குத் தகடு 900 கிலோ என்று சொன்னால், எட்டுப் பேர் ஏறியதும் 600 கிலோ போய்விடும். மிஞ்சிய 300 கிலோவுக்குத்தான் பை நிரப்பலாம். அந்த 300 கிலோவால் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலான அலை வரும். பதின்ம வயதுப் பிள்ளைகள் எழும்பி நிற்பதற்கும், கயிற்றை விட்டுச் சில நிமிடங்கள் வழுக்குவதற்கும் அது போதும். காணொளிகளில் இடுப்பளவு உயரத்தில் கண்ணாடிபோல் சுருளும் அலையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அலையின் வடிவத்தைத் திருத்துவதற்கு வேறொரு வழி இருக்கிறது. படகின் பின்சுவரின் ஒரு பக்கத்தில் சிறு தகடு ஒன்றை வெளியே நீட்டினால் அந்தப் பக்கத்து நீர் சற்றுத் தாமதித்துச் சேரும். அதனால் எதிர்ப்பக்கத்து அலை நுரை குறைந்து, நீண்டு, தெளிவாக வரும். விளையாட்டுப் படகு கட்டும் மாலிபு நிறுவனம் சேர்ஃப் கேட் என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கியது. அந்த நிறுவனம் 2017இல் குடும்பப் படகுகள் கட்டும் கோபால்ட் நிறுவனத்தை வாங்கியது. அதன் பின் முன்நோக்கிய டிரைவும் அந்தத் தகடும் நீர்த்தொட்டியும் ஒன்றாகச் சேர்ந்த குடும்பப் படகுகள் கோபால்ட்டின் பெயரிலேயே வந்தன. ஒன்ராறியோவிலுள்ள அந்த அண்ணன் பார்க்க வேண்டியது இதைத்தான். டிரைவ் மட்டும் முன்நோக்கி இருக்கிறதா, அல்லது தொட்டிகளும் தகடுகளும் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்டு வந்திருக்கிறதா? இரண்டாவது வகை என்றால் விற்பவர் பேச்சில் பாதிக்கு மேல் உண்மை. முதலாவது வகை என்றால் அது பாதுகாப்பான விசிறி பூட்டிய சாதாரண உல்லாசப் படகு, அவ்வளவே.

பாதுகாப்பான என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்கும் எல்லை போடவேண்டும். விழுந்தவரை ஏற்றுவதற்குப் படகைப் பின்னோக்கி எடுக்கவே கூடாது. பின்னோக்கி ஓடும்போது விசிறி பின்னாலுள்ள நீரைத் தன்னிடம் இழுக்கும், விசிறி எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் இது மாறாது. வட்டமடித்து வந்து, அவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் வைத்து, இயந்திரத்தை நிறுத்திய பின்புதான் ஏற்ற வேண்டும். கியரை மட்டும் எடுத்துவிட்டு நிற்பது நிறுத்தியதாகாது.

மற்றது புகை. பெற்றோல் இயந்திரத்தின் கழிவில் காபன் மொனொக்சைட்டு இருக்கிறது, அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. படகு மெதுவாக, அணியம் உயர்ந்து ஓடும்போது பின்னால் காற்று சுழன்று கழிவுப் புகையை மீண்டும் படகை நோக்கி இழுக்கிறது. அமெரிக்காவின் பவல் ஏரியில் வீட்டுப்படகுகளின் பின்னால் நீந்தியவர்கள் இறந்ததை 2000ஆம் ஆண்டளவில் ஆய்வாளர்கள் துருவிய பின்புதான் இந்த ஆபத்து பரவலாகப் பேசப்பட்டது. முன்நோக்கிய டிரைவ் கழிவை நீருக்கடியில் விடுகிறது, அது நல்லதே. ஆனால் நீருக்கடியில் விட்ட வாயு நீரிலேயே தங்கிவிடாது. பிள்ளைகள் மேடையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இயந்திரம் ஓட ஓட அரட்டை அடிப்பதை அந்தக் குடும்பத்தில் முதலாம் நாளே தடுத்துவிட வேண்டும். கனடாவில் ஆளை இழுக்கும் படகில் ஓட்டுநரைத் தவிர இழுபடுபவரைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் இருக்க வேண்டும், இழுபடுபவர் திரும்பி ஏறுவதற்கு ஓர் இருக்கை காலியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று பிள்ளைகள், பெற்றோர் இருவர் என்றால் அதில் சிரமம் இல்லை.

பழைய படகு என்பதால் வாங்கும் முன் பார்க்க வேண்டியதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த டிரைவுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, விற்பவர்கள் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. பின்நோக்கிய விசிறியில் நீருக்குள் கிடப்பதை முதலில் சந்திப்பது காலின் மூக்கும் அதன் கீழ்த்துடுப்பும். விசிறி அவற்றின் மறைவில் சுழல்கிறது. முன்நோக்கியதில் கட்டை, கல், கயிறு எதுவென்றாலும் முதலில் அகப்படுவது விசிறியின் இலைதான். நான் வேலை செய்த இடத்துக்கு ஒருமுறை இப்படியான டிரைவோடு ஒரு படகு வந்தது. "சத்தம் கொஞ்சம் கூட, வேறொன்றுமில்லை" என்றார் முதலாளி. இலைகளைப் பார்த்தேன், ஒரு சிறு நெளிவுகூட இல்லை. கீழே தட்டை வைத்து எண்ணெய் ஆணியைத் திருகினேன். தேன் நிறத்தில் வரவேண்டிய கியர் எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில், நுரையோடு வழிந்தது. இரண்டு விசிறிகளையும் கழற்றிப் பார்த்தால், தண்டைச் சுற்றி விரல் தடிப்பில் மீன்பிடித் தூண்டில் நரம்பு. சூட்டில் உருகி ஒரு வளையல் மாதிரி இறுகியிருந்தது. அந்த வளையல் நீர்த்தடுப்பு ரப்பரை நாளுக்கு நாள் அரைத்து உள்ளே தண்ணீரை விட்டிருக்கிறது. இரட்டை விசிறி என்றால் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு தண்டுகள், ஆகவே தடுப்புகளும் கூட, செலவும் கூட. அந்த மனிதர் கட்டிய தொகையில் எங்கள் கரையில் ஒரு பைபர் படகை இயந்திரத்தோடு இறக்கியிருக்கலாம்.

ஆகவே அண்ணன் அங்கே ஒரு திருத்துநரைக் கூட்டிப்போய், அந்த ஆணியைக் கழற்றிச் சில சொட்டு எண்ணெயை வெள்ளைக் கடதாசியில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பின் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, மணிக்கு 17 கிலோமீற்றரில் கால் மணி நேரம் ஓடிப் பார்க்கட்டும். அந்த வேகத்தில் ஓட்டுநருக்கு முன்னால் நீர் தெரிகிறதா, அல்லது அணியம்தான் தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். படகு பாரத்தோடு அந்த வேகத்தை அலைபாயாமல் பிடிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். வேகத்தைத் தானாகவே பிடித்து வைக்கும் கருவி பூட்டியிருந்தால் மிக நல்லது, ஏனென்றால் ஒரு கிலோமீற்றர் கூடிக் குறைந்தாலும் அலையின் வடிவம் மாறிவிடும். டிரைவின் காலைச் சிறிது வெளியே சாய்ப்பதாலும் உள்ளே சாய்ப்பதாலும் அலை எப்படி மாறுகிறது என்று அங்கேயே செய்து காட்டச் சொல்லலாம். கோடையில் பத்துப் பதினைந்து நாள் ஏரியில் நீந்தவும், டியூபில் பிள்ளைகளை இழுக்கவும், இடையிடையே வேக்சேர்ஃபிங் பழகவும் ஒரு படகு வேண்டும் என்றால் இதை வாங்குவதில் தவறில்லை என்பதே என் எண்ணம். அலைக்காகவே வாங்குவதென்றால் அதே காசுக்கு இன்னும் பழைய, ஆனால் இதற்கென்றே கட்டிய உள்ளியந்திரப் படகைத் தேடுவது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். முழுக் காரணத்தையும் சொல்லாவிட்டால் தம்பிக்கு மனம் ஆறாது.

இந்த அலை கரையை என்ன செய்கிறது என்பது வெளிநாடுகளில் பெரும் வழக்காகியிருக்கிறது. அலையின் சக்தி அதன் உயரத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். உயரம் இரட்டித்தால் கரையில் விழும் அடி நான்கு மடங்கு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நீரியல் ஆய்வுகூடம் 2022இல் வெளியிட்ட அளவீட்டில், சாதாரண படகு 200 அடி தூரத்தில் ஓடும்போது கரைக்கு வரும் அலையளவுக்கு வேக்சேர்ஃபிங் படகின் அலை அடங்குவதற்கு 500 அடிக்கு மேல் தூரம் வேண்டும் என்று கண்டார்கள். வெர்மொன்ட் மாநிலம் 2024இல் இருந்து, கரையிலிருந்து 500 அடிக்கு அப்பால், 20 அடிக்குக் குறையாத ஆழத்தில், தொடர்ச்சியாக 50 ஏக்கர் பரப்பு இருந்தால் மட்டுமே இந்த விளையாட்டு என்று விதி போட்டிருக்கிறது.

இந்த மூன்று அளவுகளையும் கையில் வைத்துக்கொண்டு இரணைமடுவைப் பாருங்கள். பரப்புக்குப் பஞ்சமில்லை. மாரியில் கனகராயன் ஆறு பெருகி, குளம் 36 அடி கொள்ளும்போது ஆழத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்த 36 அடி என்பது அணைக்கட்டின் ஓரத்தில் அளவுகோல் காட்டும் கணக்கு. நம் குளங்கள் எல்லாமே ஒரு பக்கம் கட்டு, மறுபக்கம் மெல்ல மெல்ல ஏறும் நிலம் என்ற அமைப்பு உடையவை. கட்டை விட்டு விலக விலக ஆழம் குறைந்து, அலைகரைப் பக்கத்தில் மாடு நின்று மேயும். ஆகவே படகுக்குப் போதிய ஆழம் உள்ள இடம் கட்டை ஒட்டிய இடம்தான். அலை போய் விழக்கூடாத இடமும் அதே கட்டுத்தான். வயலுக்கு நீர் திறக்கும் துருசும், மிகை நீரை வெளியேற்றும் வான்கதவும் அங்கேதான் இருக்கின்றன. மண் அணையின் முகத்தில் அடுக்கிய கற்கள் காற்றலைக்காக வைக்கப்பட்டவை. நாள் முழுவதும் பாரம் ஏற்றிய படகு ஒன்று அதன் முன்னால் போய் வருவதை எந்த நீர்ப்பாசனப் பொறியியலாளரும் விரும்ப மாட்டார், விரும்பவும் கூடாது. ஆயிரக்கணக்கான ஏக்கர் சிறுபோகமும் காலபோகமும் அந்தக் கட்டை நம்பியிருக்கின்றன. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த பின் குளம் இறங்கும். விடுமுறைக்கு உறவுகள் வரும் ஆடி, ஆவணியில் நீருக்கடியில் கிடந்த பட்ட மரக் குற்றிகள் தலை காட்டும். தலை காட்டாத குற்றிகள்தான் விசிறிக்குப் பகை. முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று எந்தக் குளத்துக்குப் போனாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. குளத்தில் வலை போட்டுச் சீவிக்கிற குடும்பங்களும் எல்லா இடத்திலும் உண்டு.

கொக்கிளாயின் கதை இன்னும் சுருக்கம். அந்த டிரைவைக் கீழே இறக்கினால் நீர்மட்டத்திலிருந்து மூன்றடி வரை போகும். கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடிப்பவர்கள் பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே வலை வீசுகிறார்கள். சேற்றைக் கலக்கி, வலையை அறுத்து, 1951 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கும் ஒரு நீர்ப்பரப்பில் இந்தச் சத்தத்தைக் கொண்டுபோய் விடுவது தொழில் ஆகாது, ஊரோடு வழக்கு ஆகும். நந்திக்கடலும் நாயாறும் அப்படியே.

எஞ்சியிருப்பது திறந்த கடல். அங்கே ஆழம் உண்டு, அலை யாருடைய கட்டையும் கரைக்காது. வாடைக்காற்றுக் காலத்தில் இதைப்பற்றிப் பேச்சே இல்லை. சோளகத்தில் காலை வேளையில் சில மணி நேரம் நீர் படுத்துக் கிடக்கும். காற்று எழும்பிக் கடல் சிலுசிலுக்க ஆரம்பித்ததும் படகலையின் சரிவு கலைந்துவிடும். அதைவிடப் பெரிய தடை, முல்லைத்தீவுக் கரையில் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறோம் என்பதுதான். வெளியிணைப்பு இயந்திரத்தை நிமிர்த்திவிட்டு, பத்துப் பேர் சேர்ந்து தோள் கொடுத்தால் பைபர் படகு ஏறிவிடும். இரண்டு தொன் எடையும் பின்னால் தொங்கும் அலுமினியக் காலும் உள்ள ஒன்றை அப்படி ஏற்ற முடியாது. கடலிலேயே கட்டி வைத்தால் சிப்பி படியும், உப்பு அலுமினியத்தை அரிக்கும். ஒரு நீர்த்தடுப்பு ரப்பர் போனால் அதற்காகக் கொழும்புக்குச் சொல்லி, அங்கிருந்து வெளிநாட்டுக்குச் சொல்லி, பருவம் முடிந்த பின் பொருள் வந்து சேரும்.

தம்பியிடம் இருக்கும் முதலுக்கு நான் சொல்லக்கூடியது வேறு. 23 அடி பைபர் படகு ஒன்று, நிழலுக்கு மேலே கூரை, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, காலை ஆறிலிருந்து ஒன்பது வரை கடலில் ஒரு சுற்று, கரைவலை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு தரிப்பு. ரொறன்ரோவிலிருந்து வரும் பிள்ளை அலைச்சறுக்குத்தான் வேண்டும் என்று நின்றால், பலகையோடு அறுகம்குடாவுக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். அங்கே அலை இலவசம், விசிறியும் இல்லை. இயந்திரம் எத்தனை குதிரைவலு போடலாம், மண்ணெண்ணெயில் ஓடுவதா பெற்றோலிலா என்று கேட்க வேண்டுமென்றால் படகின் அளவை எடுத்துக்கொண்டு நேரில் வரட்டும்.